இரட்டித்தால் எத்தனை டிகிரி?

இரண்டிலிருந்து அரையைக் கழித்தால் ஒன்றரை. நான்குடன் அரையைக் கூட்டினால் நாலரை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டுச் செய்துவிடும் இந்தக் கணக்கை 1979 ஜூலையில் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், வுட்ஸ் ஹோல் என்ற சிற்றூரில், உலகறிந்த வானிலை மேதை ஒருவர் போட்டார். காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமியின் சராசரி வெப்பநிலை எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறும்? ஒன்றரையிலிருந்து நாலரை வரை. அடுத்த நாற்பது வருஷம் உலக நாடுகள் எத்தனையோ முறை கூடின, கலைந்தன, அறிக்கை மேல் அறிக்கை வந்தது. அந்த விடை மட்டும் ஏறக்குறைய இடத்தைவிட்டு அசையவில்லை.

கூட்டலும் கழித்தலும் எளிது. அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது. ஜப்பானின் ஷிகோகு தீவில், மலைக்கிராமம் ஒன்றில் பிறந்த ஒருவரின் இருபது வருஷ உழைப்பு அது. பெயர் சியுகுரோ மனாபே. பூமியைக் கணினிக்குள் கட்டிப் பார்க்கும் வித்தை, இன்று காலநிலை மாதிரி என்று நாம் அழைப்பது, அவருடைய கையில்தான் நடை பழகியது.

அவருக்கு முன்னாலும் இந்தக் கணக்கைப் போட்டவர்கள் உண்டு. முதல் ஆள் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ். 1894-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஊரே பண்டிகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது அவர் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நிலவிலிருந்து வரும் வெப்பத்தை அமெரிக்கர் லாங்லி அளந்து வைத்திருந்த அட்டவணைகள் அவருக்குக் கிடைத்தன. நிலா அடிவானத்தில் இருக்கும்போது அதன் கதிர் நிறையக் காற்றைக் கடந்து வரும். உச்சியில் இருக்கும்போது குறைவாக. அந்த வித்தியாசத்திலிருந்து, காற்று எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று பிரித்தெடுத்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் கையால் போட்ட ஆயிரக்கணக்கான கணக்குகள். 1896-இல் வந்த விடை, இரட்டித்தால் 5 முதல் 6 டிகிரி. குளிர் நாட்டுக்காரர் இல்லையா, அவருக்கு அது ஆபத்தாகவே படவில்லை; வருங்காலச் சந்ததிக்கு நல்ல வெயில் கிடைக்கும் என்று மகிழ்ந்தார்.

1938-இல் காலண்டர் என்ற இங்கிலாந்து நீராவிப் பொறியாளர் அதே கணக்கை வேறு விதமாகப் போட்டு 2 டிகிரி என்றார். பொறியாளருக்கு வானிலையில் என்ன வேலை என்று பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இந்த இருவருக்கும் ஒரே குறை. இருவர் கணக்கிலும் காற்று நகரவில்லை. வெயில் விழுகிறது, தரை சூடாகிறது, வாயு அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். சூடான காற்று மேலே எழுவதும், மேகமாவதும், மழையாவதும், கடல் அந்தச் சூட்டை வாங்கி எங்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பதும் காகிதத்தில் அடங்காது.

அடக்கிப் பார்க்க முயன்ற ஒருவர் இருந்தார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், ஆங்கிலேயர், போரை வெறுத்த குவேக்கர் சமயத்தவர். முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில், ஐரோப்பாவில் 1910 மே 20 அன்று நிலவிய வானிலையை எடுத்துக்கொண்டு, அடுத்த ஆறு மணி நேரத்தில் அது எப்படி மாறியிருக்கும் என்று சமன்பாடுகளால் கணக்கிட்டார். போர்க்களத்தில் காகிதக்கட்டு தொலைந்துபோய், சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு கரிக்குவியலுக்கு அடியில் கிடைத்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது விடை. காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. 1999-இல் ஒடிசாவைப் புரட்டிப்போட்ட சூப்பர் புயலின் நடுவில்கூட அழுத்தம் வழக்கத்தைவிட நூறு மில்லிபார் அளவுக்குத்தான் இறங்கியிருந்தது. நிஜத்தில் அன்று ஐரோப்பாவில் பாரமானி ஏறக்குறைய அசையவே இல்லை.

ரிச்சர்ட்சனை நான் மதிப்பது இதற்குப் பிறகு அவர் செய்த காரியத்துக்காக. அந்தத் தப்பான விடையை ஒளிக்காமல் 1922-இல் புத்தகமாகவே போட்டார். உலக வானிலையை நடப்பு வேகத்தில் கணக்கிட எத்தனை பேர் வேண்டும் என்றும் அதில் எழுதினார். 64,000 பேர், உருண்டையான மாபெரும் மண்டபம் ஒன்றில், ஆளுக்கொரு நிலப்பகுதியை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். நடுவில் ஒரு தூண்மேல் மேற்பார்வையாளர். முந்திக்கொண்டு ஓடுகிறவர்மேல் இளஞ்சிவப்பு ஒளி அடிப்பார், பின்தங்கியவர்மேல் நீல ஒளி. கனவுதான். ஆனால் இன்றைய காலநிலை மாதிரி அச்சு அசலாக இப்படித்தான் வேலை செய்கிறது. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரி, ஒவ்வொரு கட்டத்திலும் கணக்குப் போடு, பக்கத்துக் கட்டத்துக்கு விடையைக் கொடு. 64,000 பேருக்குப் பதில் மின்சாரம் வந்திருக்கிறது.

1950-இல் எனியாக் என்ற ராட்சத இயந்திரத்தில் ஜூல் சார்னியும் ஜான் வான் நாய்மனும் சேர்ந்து முதல் கணினி வானிலைக் கணிப்பைச் செய்தார்கள். நாளைய வானிலையைச் சொல்ல இயந்திரத்துக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் பிடித்தது. நாளை வந்து சேர்வதற்குள் விடை வந்ததே, அதுவே வெற்றி. ஆறு வருஷம் கழித்து நார்மன் ஃபிலிப்ஸ் காற்றை இரண்டே அடுக்காக வைத்து ஒரு மாதத்துக்கு ஓடவிட்டார். நிஜ பூமியில் இருப்பதுபோலவே மேலைக் காற்றும் சுழல்களும் தாமாக உருவாகின. பிறகு கணக்கில் பிசிறு ஏறி எல்லாம் வெடித்துச் சிதறியது. இந்த மூவரைப் பார்த்துப் பழகிய ஜோசப் ஸ்மகோரின்ஸ்கி என்பவர், 1955-இல் அமெரிக்க வானிலைத் துறையின் கீழ் இதற்கென்றே ஒரு சின்னப் பிரிவைத் தொடங்கியிருந்தார். நல்ல ஆள் வேண்டும் என்று உலகமெல்லாம் தேடினார். டோக்கியோவிலிருந்து வந்த ஓர் ஆய்வுக்கட்டுரை அவர் கண்ணில் பட்டது.

மனாபே 1931-இல் பிறந்தவர். தாத்தா டாக்டர், அப்பா டாக்டர். இவரும் அதையே படிப்பார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவசரம் என்றால் தனக்கு ரத்தம் தலைக்கேறிவிடும், வைத்தியம் ஒத்துவராது என்று வானிலையியலுக்குப் போய்விட்டார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மழையைக் கணக்கால் கணிக்க முயன்றார். போருக்குப் பிந்தைய ஜப்பான். மாணவனுக்குக் கணினி ஏது? எல்லாம் கைக்கணக்கு. வேலையும் கிடைப்பதாக இல்லை. 1958-இல் டாக்டர் பட்டம் முடிந்த கையோடு ஸ்மகோரின்ஸ்கியின் அழைப்பு வந்தது, கிளம்பிவிட்டார். அந்தக் காலத்தில் டோக்கியோவிலிருந்து இப்படிக் கிளம்பிய வானிலைக்காரர்கள் ஒரு கூட்டமே உண்டு. ஃபிலிப்ஸின் மாதிரி ஏன் வெடித்தது என்று கண்டுபிடித்து, வெடிக்காத கணக்குமுறையைச் செய்து கொடுத்த அகியோ அரகாவாவும் அங்கே படித்தவர்தான்.

வாஷிங்டனுக்குப் பக்கத்தில் அலுவலகம். ஸ்மகோரின்ஸ்கி கறாரான மேலாளர் என்று பெயரெடுத்தவர். ஆனால் ஆய்வாளர்களுக்குப் பணமும் கணினியும் தேடிக்கொடுப்பது தன் வேலை, ஆராய்வது மட்டும் அவர்கள் வேலை என்று வைத்திருந்தார். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதி அலையாமலே தன் ஆராய்ச்சியைச் செய்ய முடிந்தது என்று மனாபே பிற்காலத்தில் நன்றியோடு சொல்வார். நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு வரும்.

ஸ்மகோரின்ஸ்கியின் ஆசை முழு பூமி. காற்று, கடல், மழை, பனி, எல்லாம் மூன்று பரிமாணத்தில். அப்போதிருந்த கணினியின் நினைவகமோ இன்றைய கைபேசியில் ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாது. இங்கே மனாபே செய்த முடிவில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது என்பது என் கட்சி. அகல உழுவதை விட ஆழ உழு என்பார்களே, அதை அப்படியே செய்தார். பூமியை விட்டுவிட்டார். ஒரே ஒரு தூண் காற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். தரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் உயரம் வரை நிற்கும் தூண். இடம் வலம் கிடையாது, மேல் கீழ் மட்டும். பூமி முழுமைக்கும் அது சராசரி. பகல் இரவு இல்லை, கோடை குளிர் இல்லை, நிலம் கடல் இல்லை.

அந்தத் தூணுக்குள் என்ன நடக்கிறது? மேலிருந்து வெயில் வருகிறது, தரை சூடாகி அனலை மேலே அனுப்புகிறது, நீராவியும் கரியமில வாயுவும் ஓசோனும் அதில் ஒரு பங்கை விழுங்கி, மேலும் கீழுமாகத் திருப்பி விடுகின்றன. கதிர்வீச்சை மட்டும் கணக்கில் வைத்தால் தரை 60 டிகிரிக்குப் போய்விடுகிறது. நாமெல்லாம் வெந்துபோயிருப்போம். வேகாமல் இருப்பதற்குக் காரணம், உலைப்பானையின் அடியில் சூடேறிய நீர் தானே மேலே எழுவதுபோல, சூடான காற்று தரையின் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவதுதான். இந்த எழுச்சியைத் துல்லியமாகக் கணக்கிடுவது மகா கடினம். மனாபே அதற்குள் போகவே இல்லை. ஒரு கிலோமீட்டர் மேலே போனால் ஆறரை டிகிரி குறையும் என்பது வானில் அளந்து தெரிந்த சராசரி. கணக்கில் அதைவிடச் செங்குத்தாக வித்தியாசம் வரும் இடத்திலெல்லாம், மரக்காலில் குவிந்த நெல்லைத் தலைதட்டுவதுபோல, ஆறரைக்குத் தட்டிச் சமமாக்கிவிட்டார். கீழே மிஞ்சிய வெப்பம் மேலே போய்ச் சேர்ந்தது. விதி ஒரு வரி. தரை வெப்பம் நாம் வாழும் அளவுக்கு இறங்கியது. 1964-இல் ஸ்ட்ரிக்லர் என்பவருடன் சேர்ந்து இதை வெளியிட்டார்.

அடுத்து நீராவி. இது சிக்கலான ஆசாமி. கரியமில வாயுவைவிட நீராவிதான் வெப்பத்தை அதிகம் பிடித்து வைக்கிறது. ஆனால் அதன் அளவை நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது, வெப்பம்தான் அதை நிர்ணயிக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே கரியமில வாயு கொஞ்சம் சூடாக்கினால், நீராவி கூடி இன்னும் கொஞ்சம் சூடாக்கும். எவ்வளவு? ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் மோலர், மனாபேயுடன் சேர்ந்து வேலை செய்த பெரியவர், 1963-இல் இதைக் கணக்கிட்டு 10 டிகிரி வரை வரும் என்றார். கூடவே, மேகத்தைத் துளி மாற்றினால் அந்தப் பத்தும் காணாமல் போய்விடும் என்றும் சொன்னார். அதாவது, எந்த எண்ணை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். இந்தக் கரியமில வாயுக் கதையே சந்தேகத்துக்குரியது என்பது அவர் முடிவு.

மோலர் தரையை மட்டும் பார்த்தார். தரைக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று வரவு செலவு எழுதினார். மனாபேயிடம்தான் தூண் இருந்ததே. தரை சூடானால் அந்தச் சூடு அங்கேயே தேங்கி நிற்காது, தூண் முழுக்க ஏறும், உச்சியிலிருந்து விண்வெளிக்குப் போகும். கணக்கை மூடவேண்டிய இடம் அடிவாசல் இல்லை, மொட்டைமாடி. தூணின் உச்சியில், வெயிலாக வந்ததும் அனலாகப் போவதும் சமமாகும் வரை கணினியை ஓடவிடு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் மாறாது என்று வைத்துக்கொள். சூடு கூடினால் நீராவியும் அதற்கேற்பக் கூடட்டும். நிரல் எழுத ரிச்சர்ட் வெதரால்ட் கூட இருந்தார்.

1967 மே மாதம் கட்டுரை வெளியானது. தலைப்பில் கரியமில வாயு என்ற பெயரே கிடையாது. முழு பூமி மாதிரிக்கு இறங்குமுன் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு ஆட்டம் காட்டும் என்று சோதித்துப் பார்ப்பதே நோக்கம். வெயிலைக் கூட்டிப் பார், ஓசோனை மாற்றிப் பார், மேகத்தை ஏற்றி இறக்கிப் பார் என்ற வரிசையில் கரியமில வாயுவும் ஒன்று. பத்து லட்சத்தில் 300 பங்கு இருப்பதை 600 ஆக்கினார்கள். விடை 2.36 டிகிரி. நீராவியைக் கூடவிடாமல் கட்டிவைத்தால் 1.33 மட்டும். நீராவியின் கைங்கரியம் எவ்வளவு என்று முதல்முறையாகத் தெளிவாய்ப் பிரித்துச் சொல்லப்பட்டது.

இன்னொன்றும் அதில் இருந்தது, அன்று யாரும் அதிகம் பேசாதது. கீழ்க்காற்று சூடாகும்போது, இருபது கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் மேல்காற்று குளிர்ந்தது. வெயில் கூடினால் மேலும் கீழும் சேர்ந்து சூடாகவேண்டும். கரியமில வாயு கூடினால் கீழே சூடு, மேலே குளிர். எழுபதுகளின் முடிவில் செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய பிறகு கண்டதும் அதுவே. சூரியன்தான் காரணம், மனிதன் இல்லை என்று வாதாட வந்தவர்களுக்கு இந்தக் கைரேகை அப்போதே பதிவாகியிருந்தது. 2015-இல், காலநிலை அறிக்கைகளை எழுதும் விஞ்ஞானிகளிடம், எல்லாக் காலத்துக்கும் முக்கியமான கட்டுரை எது என்று கேட்டபோது அவர்கள் முதலிடம் கொடுத்தது இதற்குத்தான்.

எழுதியவருக்கு இது இவ்வளவு பெரிதாகும் என்ற நினைப்பே இருந்ததில்லை. ஆர்வத்தில் செய்தேன் என்பார், அவ்வளவுதான்.

ஆழ உழுது முடித்தபின்தான் அவர் அகலத்துக்கு வந்தார். 1968-இல் ஆய்வகம் பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த வருஷம் கடலியலாளர் கிர்க் பிரையனுடன் சேர்ந்து காற்றையும் கடலையும் ஒரே மாதிரிக்குள் இணைத்தார். காற்று சில வாரங்களில் நிலைக்கு வரும், கடலுக்கு நூற்றாண்டுகள் வேண்டும். வேகமான மாட்டையும் மெதுவான மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதை. கடலுக்கு நூறு வருஷம் ஓடும்போது காற்றுக்கு ஒரு வருஷம் என்று வைத்துச் சமாளித்தார்கள். பின்னாளில், மாதிரியின் கடல் தன்போக்கில் வழுவிப் போகாமல் இருக்கச் செயற்கையாகச் சில திருத்தங்களைச் சேர்க்கவும் வேண்டியிருந்தது. ஒட்டுப்போட்ட வேலை என்று விமர்சித்தார்கள். ஒட்டுத்தான். அதை மறைத்து எழுதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1975-இல் டக்ளஸ் ஹானும் மனாபேயும் செய்த ஒரு சோதனை நமக்கு நெருக்கமானது. கணினிக்குள் இருந்த பூமியில் இமயமலையையும் திபெத் பீடபூமியையும் துடைத்து எடுத்துவிட்டு, தென்மேற்குப் பருவக்காற்று என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மலை இருந்தபோது உள்நாடுவரை ஏறி வந்த பருவக்காற்று, மலை இல்லாதபோது ஆசியக் கண்டத்துக்குள் அப்படி நுழையவே இல்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து எத்தனை தலைமுறை யோசித்தாலும் செய்துபார்க்க முடியாத சோதனை இது. நம்மிடம் ஒரே பூமிதான் இருக்கிறது, அதில் மலையைப் பெயர்த்து வைத்துப் பார்க்க வழியில்லை. மாதிரி என்பது வருங்காலம் சொல்லும் ஜோசியம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த உதாரணத்தைத்தான். இது இல்லாவிட்டால் அது என்ன ஆகும் என்று கேட்டுப்பார்க்க மனிதனுக்குக் கிடைத்த இன்னொரு பூமி அது.

அதே 1975-இல் இரட்டிப்புக் கணக்கையும் மூன்று பரிமாணத்தில் போட்டார்கள். 2.93 டிகிரி வந்தது. துருவங்கள் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் சூடாகும், மழையும் ஆவியாதலும் பெருகும் என்பதும் அதிலேயே தெரிந்தது. பிறகு நிஜ நிலப்பரப்பும் பருவங்களும் உள்ள மாதிரியில், ரொனால்ட் ஸ்டூஃபருடன் சேர்ந்து, வாயுவை நான்கு மடங்காக்கிப் பார்த்தார். சுமார் 4 டிகிரி. அதாவது ஓர் இரட்டிப்புக்கு 2. ஒரே ஆள், ஒரே ஆய்வகம், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் விடை ஆடுகிறது. பனி எங்கே, எவ்வளவு உருகும் என்பதை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதே வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம்.

இந்த நிலையில்தான் அரசியல் உள்ளே வந்தது. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அறிவியல் ஆலோசகர் ஃப்ராங்க் பிரெஸ், தேசிய அறிவியல் கழகத்திடம் ஒரு கேள்வி அனுப்பினார். சுருக்கமாகச் சொன்னால், இந்த மாதிரிகளை நம்பலாமா? பதில் சொல்லும் குழுவுக்குத் தலைவர் ஜூல் சார்னி, அந்த எனியாக் சார்னியேதான். 1979 ஜூலை 23 முதல் 27 வரை, ஐந்தே நாள், வுட்ஸ் ஹோலில் கூடினார்கள். உறுப்பினர்களில் அரகாவா இருந்தார், பிற்காலத்தில் ஐ.நா. காலநிலைக் குழுவுக்கு முதல் தலைவரான ஸ்வீடனின் பெர்ட் போலின் இருந்தார், கடலியலாளர்கள் இருந்தார்கள். இரட்டிப்புக் கணக்கைத் தம் மாதிரியில் போட்டவர்களை மட்டும் குழுவில் சேர்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடமே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கக் கூடாது அல்லவா? அவர்கள் முடிவுகளைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் இருவர். மனாபேயின் விடை சுமார் 2. நியூயார்க்கில் நாசா ஆய்வகத்தில் இருந்த ஜேம்ஸ் ஹான்சனின் விடை சுமார் 4. ஏன் இவ்வளவு வித்தியாசம்? மனாபே மேகங்களை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டார். ஹான்சனின் மாதிரியில் மேகங்களும் மாறின. மேகம் இருபக்கமும் வெட்டும் கத்தி; வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கும், தரையின் அனலைப் பிடித்துவைத்துச் சூடாக்கவும் செய்யும். எது மிஞ்சும் என்று அன்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு பக்கமும் அரை டிகிரி இடம் விடலாம் என்று சார்னி முடிவு செய்தார். அந்த அரைக்கு ஆழமான கணக்கு எதுவும் கிடையாது. பெரிய மனிதர் ஒருவரின் அனுபவ மதிப்பீடு. இதைப் பின்னாளில் சொன்னவரே மனாபேதான். ஒன்றரையிலிருந்து நாலரை, நடுவில் 3. அறிக்கை இருபத்துச் சொச்சம் பக்கம். கடல் வெப்பத்தை விழுங்கிக்கொண்டு மாற்றத்தைத் தாமதப்படுத்தும், ஆகவே கண்ணால் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துபோகும் என்ற எச்சரிக்கையும் அதன் முன்னுரையில் இருந்தது. அடுத்த ஆண்டு கார்ட்டர் தேர்தலில் தோற்றார். சார்னி 1981-இல் காலமானார். எண் நிலைத்தது.

எப்படி நிலைத்தது என்பதே தனிக்கதை. 1988 ஜூன் 23 அன்று, வாஷிங்டனில் வெயில் கொளுத்திய நாளில், அமெரிக்க செனட் குழு முன் ஹான்சன் சாட்சி சொன்னார். பூமி சூடாகிவிட்டது என்று அவர் சொன்னது மறுநாள் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி. அதே குழு முன் மனாபேயும் பேசினார் என்பது பலருக்குத் தெரியாது. உலகம் சூடானால் கண்டத்தின் உள்பகுதிகளில் கோடையில் மண் எப்படி வறளும் என்று விளக்கினார். ஜப்பானிய வாடை வீசும் என் ஆங்கிலம் அவர்களை ஈர்க்கவில்லை என்று அவரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. மேடை அவருக்கு வராது. கொள்கை வகுப்பாளர்களிடம் அவர் பேசியதெல்லாம் எண்களாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அந்த வருஷமே ஐ.நா. காலநிலைக் குழு உருவானது. அதன் 1990 அறிக்கையில் 1.5 முதல் 4.5. 2001-இலும் அதே. 2007-இல் கீழ் எல்லையை 2 ஆக்கினார்கள், 2013-இல் மறுபடி 1.5-க்கே திரும்பினார்கள். கணினிகள் கோடி மடங்கு பெருத்தும் வீச்சு சுருங்கவில்லை. விஞ்ஞானத்துக்கும் அரசியலுக்கும் நடுவே இந்த எண் ஒரு நங்கூரம்போலக் கிடக்கிறது என்று 1998-இல் சில சமூக ஆய்வாளர்கள் எழுதினார்கள். சரியான வார்த்தை. மாற்றினால் விஞ்ஞானிகள் குழம்புகிறார்கள் என்பார்கள், மாற்றாவிட்டால் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்பார்கள். (ஒரு சின்ன எச்சரிக்கை. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் வரும் ஒன்றரை டிகிரி வேறு. அது தாண்டாமல் இருக்க நாடுகள் வைத்துக்கொண்ட இலக்கு. சார்னியின் ஒன்றரை, இயற்கையின் குணத்தைப் பற்றிய மதிப்பீடு. பத்திரிகைகளில் இரண்டையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.)

இதற்கிடையில் மாதிரிக்குள் புதுப்புது விருந்தாளிகள் வந்தார்கள். காடு, மண், கடலின் நுண்ணுயிர், தூசி, புகை. 2000-இல் பிரிட்டனின் பீட்டர் காக்ஸும் சகாக்களும், சூடேறும் உலகில் காடும் மண்ணும் கரியை உறிஞ்சுவதை விட்டுவிட்டுக் கக்கவும் தொடங்கலாம் என்று காட்டினார்கள். காலநிலை மாதிரி, புவி அமைப்பு மாதிரியாகப் பெயர் மாறியது. புனேயில் நம் விஞ்ஞானிகள் கட்டிய மாதிரியும் இன்று உலக வரிசையில் இருக்கிறது. நிரல் பத்து லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது. யாராலும் முழுசாகப் படித்து முடிக்க முடியாத நிரல். மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சமீபத்திய சுற்றில் சில மாதிரிகள் இரட்டிப்புக்கு 5 டிகிரிக்கு மேல் காட்டின. விசாரித்தால் பழைய குற்றவாளியே, மேகம். பொருளைச் சேர்க்கச் சேர்க்கத் தெளிவு கூடும் என்பது எப்போதும் நடப்பதில்லை. எதை விடலாம் என்று தெரிந்த கை இன்றைய மாதிரிகளில் குறைந்துவிட்டது என்பது என் ஆதங்கம்.

வீச்சு கடைசியில் சுருங்கியது, பெரிய கணினியால் அல்ல. கடந்த நூற்றைம்பது வருஷ வெப்ப அளவுகள், இருபதாயிரம் வருஷத்துக்கு முந்தைய பனியுகத்தின் தடயங்கள், மேகங்களைப் பற்றிய நேரடி ஆய்வுகள் ஆகிய மூன்று சாட்சிகளையும் எதிரெதிரே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தார்கள். 2021 ஆகஸ்டில் ஐ.நா. குழுவின் புதிய அறிக்கை வந்தது. இரட்டித்தால் பெரும்பாலும் 2.5 முதல் 4 டிகிரிக்குள். நடு மதிப்பு 3.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், மனாபேக்கு இயற்பியல் நோபல் பரிசு. வயது 90. கிளாஸ் ஹாசல்மான், ஜார்ஜோ பாரிசி ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். பிரின்ஸ்டனில் நிருபர்கள் சூழ்ந்தபோது, ஏன் ஜப்பானுக்குத் திரும்பவில்லை என்று கேட்டார்கள். பிறர் மனம் கோணாமல் நடந்துகொள்வது எனக்கு வராது, அதனால்தான் என்று சொல்லிச் சிரித்தார். காலநிலையைப் புரிந்துகொள்வது கடினம், ஆனால் அரசியலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை என்ற பொருளிலும் ஏதோ சொன்னார்.

1967-இல் அவர் தூணில் வைத்துத் தொடங்கிய அளவு, பத்து லட்சத்தில் 300 பங்கு. இரட்டித்து நிறுத்திய அளவு 600. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்து வருகிறார்கள். 2024-ஆம் ஆண்டின் சராசரி, 424-க்கும் சற்று மேல்.